பதினான்காம் பக்கத்துப் பொய்

அந்தப் பெரிய சாலையிலேயே மணி என்னவென்று தெரியாத ஒரே மனிதர் கடிகாரக் கடையில்தான் வேலை பார்த்தார்.

விலை உயர்ந்த கைக்கடிகாரம் விற்கும் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றின் திருகையும் லேசாக வெளியே இழுத்து ஓட்டத்தை நிறுத்தி, முள் இரண்டையும் பத்து மணி பத்து நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். முள்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் கம்பெனியின் பெயர் மறையாமல் தெரியும். அந்தக் கடையில் மொத்தம் தொண்ணூற்றாறு கடிகாரங்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது பத்துப் பத்து. மத்தியானம் வயிறு கத்தும்போதும் பத்துப் பத்து. ஊழியர்கள் வேறு கம்பெனிக் கடிகாரம் கட்டக் கூடாது என்பது சட்டம். இந்தக் கம்பெனிக் கடிகாரம் கட்ட வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். அவர் இருந்ததோ வாடகை வீடு. செல்போனும் கடைக்குள் ஆகாது. ஆகவே எதிர் வங்கியின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டால் நாலு மணி என்று வைத்துக்கொள்வார். வங்கிக்கு விடுமுறை என்றால் அன்று முழுக்க அவருக்கு நாலு மணியே ஆகாது.

கடையில் அவருக்குப் பெயர் 'பத்துப்பத்து'. இருபத்திரண்டு வருடமாக அதே பெயர், அதே சாம்பல் நிறக் கோட்டு. கோட்டு மட்டும், தையல்காரியான அவர் மனைவியின் தயவில், வயிறு முன்னேற முன்னேற இரண்டு முறை பிரித்து விடப்பட்டிருந்தது.

பத்துப்பத்துக்குச் சொத்து என்று இருந்தது வாய்தான். கடிகாரத்தை எடுத்து வெல்வெட் தட்டில் வைக்கும்போதே கம்பெனியின் வரலாற்றை ஆரம்பித்துவிடுவார். கடைச் சுவரில் கம்பெனியை ஆரம்பித்தவரின் பெரிய புகைப்படம் ஒன்று மாட்டியிருக்கும். முகத்தில் பாதி மீசை, மீதிதான் முகம். கடை ஊழியர்கள் அவரை 'மீசைக்காரர்' என்பார்கள். பத்துப்பத்து மீசைக்காரரைப் பற்றிப் பேசினால், ஏதோ போன வாரம் இவர்தான் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தது போல இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், கொஞ்சம் அள்ளி விடுவார்.

"பாவம் சார், அவருக்கு இருந்ததே ஒரு சட்டை. அதையும் துவைச்சு ஈரத்தோட போட்டுக்குவாரு" என்று ஒரு முறை சொன்னார். கம்பெனிப் புத்தகத்தின்படி மீசைக்காரரின் அப்பாவுக்கு மூன்று தொழிற்சாலைகள். முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிறகு ஒரு நாள், தண்ணீர் புகாத மாடலை மீசைக்காரர் குளியல் தொட்டியில் நாற்பது நாள் உட்கார்ந்தே சோதித்தார் என்றும், சாப்பாடெல்லாம் தொட்டிக்கே வந்தது என்றும் ஒருவரிடம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர், வாடிக்கையாளர் போல வேஷம் போட்டுத் தலைமை அலுவலகம் அனுப்பிய சோதனை ஆள். இரண்டாவது கடிதம் வந்தது.

மூன்றாவது வந்தால் வேலை போகாது, சம்பளமும் குறையாது. கீழ்த்தளத்துக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அட்டைப் பெட்டிகள் மட்டும்தான் இருக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், யாரிடமும் எதுவும் சொல்லவும் முடியாது. பத்துப்பத்துக்கு அது மீனைக் கொண்டுபோய் மாடியில் காயப்போட்ட மாதிரி.

இந்த நேரம் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து புதுப் புத்தகம் வந்தது: 'திருத்தப்பட்ட வரலாறு'. எங்கேயோ ஒரு மரப்பெட்டியில் பழைய ரசீது கிடைத்ததாம். அதனால் கம்பெனிக்கு ஒரே நாளில் ஏழு வயது கூடிவிட்டது. அதைவிட மோசம், சூதாடிச் சொத்தை அழித்தது மீசைக்காரரின் தம்பி இல்லையாம், அண்ணனாம். இருபத்திரண்டு வருடமாகத் தம்பியைக் கரித்துக் கொட்டியவர் பத்துப்பத்து. அன்று கடை மூடும்போது, சுவரின் மூலையில் சின்னச் சட்டத்துக்குள் இருந்த தம்பியின் படத்துக்கு எதிரே நின்று, "மன்னிச்சுக்கப்பா, எனக்கு யாரும் சொல்லல" என்றார்.

மேலாளர் மேடம் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "நாப்பது விஷயம். அடுத்த ரெண்டு வாரத்துல சோதனை ஆள் எப்ப வேணா வருவாங்க. புத்தகத்துல இருக்கறதுதான் வரலாறு. ஒரு விஷயம் தப்பினாலும் கடிதம்தான்." பிறகு பத்துப்பத்தை மட்டும் பார்த்தார். "தொட்டி, சட்டை எதுவும் வரக் கூடாது."

"வராது மேடம்."

"வருதே! உங்க முகத்துலயே தெரியுதே!"

வீட்டில் மகள் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றி ஆசிரியர்கள் பேச ஆரம்பித்தால் பெருமூச்சில்தான் ஆரம்பிப்பார்கள். நாற்பது விஷயத்தையும் நாற்பது சின்ன அட்டையில் எழுதினாள். நாற்பத்தொன்றாவதாகத் தன் செலவில் ஒரு அட்டை சேர்த்தாள்: 'நிறுவனருக்கு இடது காலில் ஆறு விரல்.'

முதல் நாள் கலைத்துக் கொடுத்த பத்து அட்டையில் அதுவும் இருந்தது; பத்துப்பத்து அதையும் சேர்த்து மனப்பாடம் செய்தார். மறுநாள் காலணிக் கம்பெனி முதலாளி ஒருவரிடம் அதைச் சொல்லியும் விட்டார். முதலாளி அசந்துபோய், "அப்போ செருப்புக்கு என்ன பண்ணுவாரு?" என்று கேட்டார். பத்துப்பத்து தானும் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். கடிகாரம் விற்றுப்போனது.

சாயங்காலம் வந்து பெருமையாகச் சொன்னபோது மகள் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள்.

"அப்பா, அது நான் விட்ட புருடா!"

"அடிப்பாவி! வேலைக்கே உலை வெக்கறியே!"

"நாப்பது விஷயம்னுதானே சொன்னாங்க? அட்டைய எண்ணிப் பாக்கறதில்லையா நீ?"

பத்துப்பத்து எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று. அந்த ஒன்றை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கிழித்துப் போட மனம் வரவில்லை. கையெழுத்து நன்றாக இருந்தது.

அன்றைக்கே பதினான்காம் பக்கத்துக்கு வந்தார்கள். கம்பெனியில் 'சாய்வு' என்று ஒரு மாடல் உண்டு. அதில் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது; முகமே கால்வட்டம் திரும்பி இருக்கும். கையைத் திருப்பாமலே மணி பார்க்கலாம். அது ஏன் அப்படி என்பது முப்பத்தெட்டாவது விஷயம். மகள் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

"'நிறுவனரின் மனைவி கைக்குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டிருந்தார். பால் குடித்த பின் இருபது நிமிடம் நிமிர்த்திப் பிடிக்காவிட்டால் குழந்தை கக்கிவிடும். மணி பார்க்கக் கையைத் திருப்பினால் குழந்தை விழித்துவிடும். மனைவியின் துன்பம் பொறுக்காத நிறுவனர், அன்றே கடிகாரத்தின் முகத்தைத் திருப்பி அமைத்தார். ஆதாரம்: எங்கள் காப்பகத்தில் உள்ள ஒரு வாடிக்கையாளரின் கடிதம்.'"

பக்கத்து அறையில் தையல் இயந்திரம் நின்றது.

மனைவி வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள். "அது யாரு கதைங்க?"

பத்துப்பத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

கதை அந்த வீட்டுக் கதை. பதினேழு வருடத்துக்கு முன்னால் கக்கிய குழந்தைதான் இப்போது புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடக் கணக்கு சொன்னது குழந்தை டாக்டர். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மலிவுக் கடிகாரம். மனைவி அதன் பட்டையை அறுத்து எறிந்துவிட்டு, பழைய கோட்டின் உள்துணியில் புதுப் பட்டை தைத்து, கடிகாரத்தைக் குறுக்காக வைத்து மூட்டிவிட்டாள். தோளில் குழந்தையைச் சாய்த்தால் மணி நேரே கண்ணுக்கு வரும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் டாக்டரம்மா ஒருவர், பிள்ளை பெற்றிருந்த தன் மகளுக்குக் கடிகாரம் வாங்க வந்தார். 'சாய்வு' ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். வண்டி ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் மணி பார்க்கத்தான் என்பது நிஜமான காரணம். பழைய புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் போய் ஸ்டியரிங் கதை சொல்வதா என்று தோன்றியது பத்துப்பத்துக்கு. வாய் தானாகத் திறந்துகொண்டது. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் போனார். போனவர் சும்மா இருக்காமல் தலைமை அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் வேறு எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள். "நம்ம வீட்டுக் கதைய வித்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. தச்சது யாரு?"

"நீ."

"அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"பக்கத்துல நின்னேன்."

"நின்னு?"

"பட்டை பிஞ்சிடும்னு சொன்னேன்."

"அதெல்லாம் புத்தகத்துல இல்லையே? 'துன்பம் பொறுக்காத நிறுவனர்'னுல்ல இருக்கு!"

மகளுக்கு இது வானத்திலிருந்து விழுந்த வரம். "அம்மா, அப்போ நான் மீசைக்காரர் பொண்ணா? சொத்துல பங்கு உண்டா?"

"கேளுடி, உங்க அப்பாவ. துன்பம் பொறுக்காதவரு, குடுத்தாலும் குடுப்பாரு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் பெயர் மாறியது. "மீசைக்காரரே, துணி காயுது, எடுங்க." "மீசைக்காரரே, பால் பொங்குது." ஆனால் மூன்றாம் நாள் மனைவி அவர் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "சோதனையில புத்தகத்துல இருக்கறத அப்படியே சொல்லிடுங்க. யார் தச்சா என்ன? நீங்க கிடங்குல போய் வாயடைச்சுக் கிடந்தா அந்தக் கொடுமைய இங்கதான் பாக்கணும்."

அவள் திட்டியிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

மேலாளர் மேடத்திடம் ஒரு முறை முயன்று பார்த்தார். "மேடம், பதினாலாம் பக்கம் தப்பு."

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்தப் பொய்யச் சொன்னதே நான்தான் மேடம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சொன்னப்ப அது பொய். இப்ப கம்பெனி சொல்லுது. அப்ப அது வரலாறு. தயவுசெஞ்சு இனிமே அதுல மூக்க நுழைக்காதீங்க."

வேலை பார்த்த காலம் முழுக்கத் தான் சொன்னது எதையுமே நம்பாத கம்பெனி, இதை மட்டும் அச்சடித்து, ஓரத்தில் தங்கக் கோடு போட்டிருந்தது.

சோதனை ஆள் யாரென்று தெரியாததால் பத்துப்பத்து யாரையும் விடவில்லை. ஏசி சரிபார்க்க வந்தவர் ஏணியில் நின்றபடி இருபத்தாறு விஷயம் கேட்டார். அதற்கு மேல் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தபால்காரர், "அண்ணே, கையெழுத்து மட்டும் போடுங்க" என்று கெஞ்சினார். கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு உள்ளே ஓடி வந்த ஒருவருக்கு மீசைக்காரர் பிறந்த வருடத்திலிருந்து தொடங்கினார். அந்த மனிதர் அழாத குறை.

பதினோராம் நாள் ஒரு ஓவியம் வந்தது. தலைமை அலுவலகம் எல்லாக் கடைகளுக்கும் அனுப்பியிருந்தது. பதினான்காம் பக்கத்தைப் படமாக வரையச் சொல்லி, ஆளுயரச் சட்டம் போட்டு, 'சாய்வு' பெட்டிக்கு மேலேயே மாட்டச் சொல்லியிருந்தார்கள். மீசைக்காரர் குனிந்து கடிகாரத்தைத் திருப்புகிறார். குழந்தை கொழுகொழுவென்று சிரிக்கிறது. மனைவி நாற்காலியில் சும்மா உட்கார்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தெய்வத்தைப் பார்ப்பது போல அவரை அண்ணாந்து பார்க்கிறாள்.

பத்துப்பத்து ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். அந்தக் குழந்தை சிரித்ததே இல்லை. தெருவே கேட்கக் கத்தும். அவர் மனைவி அப்படி வாயைத் திறந்துகொண்டு அவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த நாற்காலியில் உட்காரவுமில்லை. வலது கையில் ஊசியும் இடது தோளில் குழந்தையுமாக நின்றுகொண்டேதான் தைத்தாள். விரலில் குத்தியும் கையை உதறவில்லை. உதறினால் குழந்தை விழித்துவிடும்.

அதற்கு மறுநாள் காதோரம் நரைத்த ஒரு பெண் உள்ளே வந்தார். கறுப்புக் கைப்பை, தட்டையான செருப்பு. பத்துப்பத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. காரணம் எளிமையானது: அவர் விலைச் சீட்டைப் பார்க்கவே இல்லை. கோடீசுவரர்கள்கூட ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

"இந்தக் கம்பெனி எப்ப ஆரம்பிச்சது?" என்றார்.

பத்துப்பத்து தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். புது வருடம் சரி. மூன்று தொழிற்சாலை சரி. அண்ணனைத் திட்ட வேண்டிய இடத்தில் அண்ணனையே திட்டினார். தொட்டி வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். விரல் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து வந்தார். முப்பத்தேழு.

அந்தப் பெண் 'சாய்வு' பெட்டிக்கு முன்னால் நின்றார். "இது ஏன் இப்படித் திரும்பி இருக்கு?"

பத்துப்பத்து வாயைத் திறந்தார். 'நிறுவனரின் மனைவி' என்ற முதல் இரண்டு சொல்லும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அண்ணாந்து ஓவியத்தைப் பார்த்தார்.

"வண்டி ஓட்டறவங்க கைய எடுக்காம மணி பாக்கம்மா. அவ்வளவுதான்."

கதவுக்குப் பின்னால் மேடத்தின் விரல் மடங்காமல் அப்படியே நின்றது.

"அப்போ மேல இருக்கற படம்?"

"அது மீசைக்காரர் வீட்டுல நடக்கலம்மா. எங்க வீட்டுல நடந்தது. அந்தம்மா இடத்துல இருக்க வேண்டியது என் சம்சாரம். உக்காந்திருக்கக் கூடாது, நிக்கணும். தச்சது அவதான். குழந்தை இவ்வளவு குண்டு கிடையாது. அந்தாளு இருக்கற இடத்துல நான் இருக்கணும், ஆனா குனியக் கூடாது. கையக் கட்டிக்கிட்டு நின்னு 'பிஞ்சிடும், பிஞ்சிடும்'னு சொல்லணும்."

"பிஞ்சதா?"

"பதினேழு வருஷமாச்சும்மா. இன்னும் பியல. அவ ஊசி டப்பாவுல கிடக்கு."

மிச்சம் இருந்த இரண்டு விஷயத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அந்தப் பெண் கைப்பையிலிருந்து கம்பெனி அட்டையை எடுத்துக் காட்டினார்.

"முப்பத்தொம்பது சரி" என்றார்.

"மிச்சம் ஒண்ணும் சரிதாம்மா. புத்தகம்தான் தப்பு."

அந்தப் பெண் சிரித்த மாதிரி இருந்தது. ஆனால் சோதனைத் தாளின் கட்டத்தில் போட்டது பெருக்கல் குறிதான். மூன்றாவது கடிதம் அந்த வாரமே வந்தது.

வீட்டில் மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "அப்படியே சொல்லிடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கேட்டீங்களா?"

"நாக்கு வரல."

"வேற எதுக்கெல்லாம் வந்துச்சு? தொட்டிக்கு வந்துச்சு, சட்டைக்கு வந்துச்சு!"

"அந்தப் படத்துல நீ சும்மா உக்காந்திருந்தடி."

மனைவி கடிதத்தை மடித்தாள். மடமடவென்று உள்ளே போய்விட்டாள். மகளுக்கு என்ன கிண்டல் சொல்வதென்று தெரியவில்லை. அந்த வீட்டில் அது நடந்ததே இல்லை. மறுநாள் காலை பத்துப்பத்து கிளம்பும்போது மனைவி ஊசி டப்பாவைக் கொண்டுவந்தாள். கிடங்குக்காரர்கள் எந்தக் கடிகாரமும் கட்டலாம்; வாடிக்கையாளர் பார்க்க மாட்டார்களே. துணிப் பட்டையை அவர் மணிக்கட்டில் கட்டி முடிச்சுப் போட்டாள். மகள் புது பேட்டரி போட்டு வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லாமல்.

கிடங்கில் ஒரு அதிசயம் காத்திருந்தது. புதிதாக வந்து இறங்கும் கடிகாரங்களை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுச் சரிபார்ப்பதுதான் அங்கே அவர் வேலை. இருநூறு கடிகாரம் மேசை மேல் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லாமே ஒரே மணி, சரியான மணி. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகப் பத்துப்பத்து சரியான நேரத்துக்குச் சாப்பிட்டார். வாயைப் பொறுத்தவரை, சரக்கு கொண்டுவரும் டிரைவர்கள் இருந்தார்கள். தொட்டிக் கதையைக் கேட்க இரண்டாவது நாளே நாலு பேர் டீயோடு வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்தின் வரலாற்றுப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சோதனை செய்த பெண் தன் அறிக்கையில் அவர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதியிருந்தாராம். பதினான்காம் பக்கத்தைத் திருத்த வேண்டியிருப்பதால், உண்மையில் நடந்ததை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். கீழே ஒரு பின்குறிப்பு: 'காலணி நிறுவன உரிமையாளர் ஒருவர் எங்களுக்கு எழுதியுள்ளார். நிறுவனரின் இடது காலில் ஆறு விரல்கள் என்பதற்கு ஆதாரம் உள்ளதா?'

மகள் அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

பத்துப்பத்து கோட்டுப் பையிலிருந்து அந்த நாற்பத்தொன்றாவது அட்டையை எடுத்து, 'இது என் மகள் விட்ட புருடா. அவள் கையெழுத்து' என்று எழுதி உறைக்குள் போட்டார். பிறகு வெள்ளைத் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். யார் தைத்தது, எந்தக் கோட்டின் துணி, எந்த விரலில் ஊசி குத்தியது, எல்லாம்.

"புருஷன் என்ன பண்ணாருன்னு எழுதறது?"

"'பக்கத்துல நின்னார்'னு போடுங்க. போதும்."

எழுதினார். அவள் இன்னும் இரண்டு துணி மடித்தாள்.

"'அவரும் குழந்தையத் தூக்கினார்'னு சேத்துக்கங்க."

"நான் எங்கடி தூக்கினேன்?"

"ஞாயித்துக்கெழமை தூக்குவீங்க. இருபது நிமிஷம். நான் குளிச்சுட்டு வர்ற வரைக்கும்."

"ஒரு ஞாயிறு தூக்கினேன். எல்லா ஞாயிறுமா தூக்கினேன்?"

"எல்லா ஞாயிறும்தான்."

"இல்லடி, ஒண்ணு ரெண்டு தடவதான். தப்பா எழுதக் கூடாது, இது வரலாறு."

"எல்லா ஞாயிறும்னு எழுதுங்கன்னா எழுதுங்க! உங்களுக்கு என்ன தெரியும்? குழந்தை தூங்கறதுக்குள்ள நீங்க தூங்கிடுவீங்க."

பத்துப்பத்து பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து மகள் தலையை நீட்டினாள்.

"எனக்கு ஞாபகம் இருக்குப்பா. எல்லா ஞாயிறும்தான்."

அப்போது அவளுக்கு மூன்று மாதம். பத்துப்பத்து கையைத் திருப்பாமல் மணியைப் பார்த்தார். தபால் பெட்டியைத் திறக்க இன்னும் நேரம் இருந்தது. 'எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'இதற்கு இரண்டு சாட்சிகள்' என்று போட்டார்.